பள்ளிக்குப் பள்ளி துணை நிற்கட்டும்!

இயற்கை சீறினால் ஏழை என்றும் பணக்காரன் என்றும் பார்க்காது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மழை எல்லார் தலையிலுந்தான் பெய்கிறது. ஆனால், மலைச் சரிவில் லயத்தில் குடியிருப்பவன் யார்? ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் குடிசை போட்டவன் யார்? கடலோரத்தில் படகை இழுத்துக் கட்டி, அதன் அருகிலேயே படுத்துறங்குகிறவன் யார்? உழைக்கும் மக்களே அல்லவா? ஆகவே, பேரிடர் வந்தால் முதல் அடி விழுவது அவர்கள் மேல். அந்த அடியில் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சேர்ந்தே விழுகிறது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' என்னும் புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலையகப் பகுதிகளில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. பாதைகள் அறுந்தன. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டது. பள்ளிகள் பல அடைக்கலக் கூடங்களாக மாறின. பிள்ளைகள் உட்கார்ந்து படித்த பெஞ்சுகளில் குடும்பங்கள் படுத்துறங்கின.

இச்செய்தியைப் படித்த நம் தோழர்கள் பலர், "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்திருப்பார்கள். அதில் குற்றமில்லை. தூரத்துத் துயரம் தூரமாகவே தெரிவது மனித இயல்பு. ஆனால் இது தூரத்துத் துயரமா என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் யார்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணி சொல்லை நம்பிப் புறப்பட்டவர்களின் வழிவந்தவர். கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர் யார்? அதே ஊர்களிலிருந்து அதே கங்காணி முறையில் வந்தவர்களின் வழிவந்தவர். ஒரு கூட்டம் தேயிலைக்குப் போயிற்று. மற்றொரு கூட்டம் ரப்பருக்கு வந்தது. அங்கேயும் லயம், இங்கேயும் லயம். அங்கேயும் துரை, கங்காணி, பெரட்டு, இங்கேயும் அவையே. அங்கேயும் தோட்டத்து மூலையில் ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம், இங்கேயும் அப்படியே. அண்ணன் ஒரு கரையில் இறங்கினான், தம்பி மறு கரையில் இறங்கினான் என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

அந்த அண்ணன் பிள்ளையின் பள்ளிக்கூடம் மண்ணில் புதைந்தால், தம்பி பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மீரியபெத்த சொல்லும் பாடம்

2014 அக்டோபர் 29. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம். காலை 7.30 மணி அளவில் மலை இறங்கிவந்து லயங்களின் மேல் விழுந்தது. மாண்டவரும் காணாமற்போனவருமாக 30 பேருக்கு மேல். பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மண்ணே அவர்களுக்குச் சமாதியாயிற்று.

ஆனால் அன்று காலையில் பிள்ளைகள் பலர் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது சிலருக்கு வீடு இல்லை; சிலருக்குத் தாய் தகப்பனே இல்லை. அவர்களும் மற்ற மக்களும் ஒதுங்கியது எங்கே? பூனாகலையிலும் கொஸ்லாந்தையிலும் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்களில்! அவர்கள் உயிர் பிழைக்கக் காரணமாயிருந்ததும் பள்ளிக்கூடம். பிழைத்தவர்களுக்கு முதல் இரவில் கூரை தந்ததும் பள்ளிக்கூடம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் எழுத்துக் கற்பிக்கும் இடம் மாத்திரமன்று. தோட்டத்து மக்களுக்கென்று இருக்கும் பொதுக் கட்டடம் வேறு ஏது? கோயிலும் பள்ளியுந்தானே? நம் நாட்டிலும் வெள்ளம் வந்தால் முதலில் திறக்கும் கதவு பள்ளிக்கூடத்துக் கதவுதான். 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோதும், 2021 டிசம்பர் 18ஆம் நாள் சிலாங்கூர் வெள்ளத்தில் மூழ்கியபோதும், மக்கள் ஓடி ஒதுங்கியது பள்ளிக்கூடங்களில்தான். ஊரைக் காக்கும் அந்தக் கட்டடமே இடிந்து கிடக்கும்போது அதைக் காப்பவர் யார்?

இன்னொரு செய்தியும் உண்டு. மீரியபெத்த மலை சரியக் கூடியது, அங்குள்ளவர்களை வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. உயிர் தப்பியவர்கள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டாண்டு அளவும் அடைபட்டுக் கிடந்த பிறகே, 2016இல், அவர்களுக்கு வீடு கிடைத்தது. மழை பெய்தது இயற்கையின் செயல். எச்சரிக்கை வந்த பின்னும் மக்களை அங்கேயே வைத்திருந்தது யாருடைய செயல்? இதையும் நாம் மறக்கக் கூடாது. பின்னால் இதற்கு வருவோம்.

கடல் பொங்கிய நாள்

2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் உண்டா? சுமத்திராவுக்கு அருகில் கடலடியில் பூமி அதிர்ந்தது. 14 நாடுகளில் சுமார் 2,30,000 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் 68 பேர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும் இருந்தவர்கள். தமிழ் நாட்டில் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000க்கு மேல். இலங்கையில் 30,000க்கு மேல். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை என்று தமிழர் வாழும் கடற்கரை முழுவதும் சுடுகாடாயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் மூடியிருந்தன. திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. ஏனென்றால் கடலோரப் பள்ளிகள் பல, அலை வந்த பாதையிலேயே நின்றன. இலங்கையில் மாத்திரம் 150க்கு மேற்பட்ட பள்ளிகள் இடிந்தோ சிதைந்தோ போயின. நாகையில் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை போன்ற மீனவர் ஊர்களில், மறுபடி வகுப்பு தொடங்கிய நாளில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லப் பிள்ளைகள் இல்லை. ஆசிரியர் எப்படி அந்த வருகைப் பதிவேட்டை வாசித்திருப்பார்? பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணிமாருக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.

உலகம் இரங்கியது, உதவி குவிந்தது. ஆனால் அந்த உதவியின் கதையில் ஒரு கசப்பான ஏடும் இருக்கிறது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. கிழிந்ததும் சாயம் போனதும் அழுக்கும் லாரி லாரியாக வந்து இறங்கின. மீனவர்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். "நாங்கள் பிச்சைக்காரர்கள் அல்ல, நேற்றுவரை கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்கள்" என்பதே அந்த மறுப்பின் பொருள். கொடுத்தவர் மனம் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார்கள். கேளாமல் கொடுத்த கொடை, பெற்றவனுக்குப் பாரமாயிற்று.

பள்ளி பள்ளிக்குச் செய்த உதவி

இதற்கு மாறாக வேறொரு வகை உதவியும் அப்போது நடந்தது. அதைத்தான் நம் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அந்த ஆண்டின் கடைசி நாளில் ஜெர்மனி நாட்டின் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தம் மக்களுக்குப் புத்தாண்டுச் செய்தி சொன்னார். பணத்தைப் பொதுவாக ஒரு பெட்டியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாமல், இன்ன ஊர் இன்ன ஊருக்கு, இன்ன பள்ளி இன்ன பள்ளிக்கு என்று நேருக்கு நேர் உறவு கொண்டு, நீண்ட காலம் துணை நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கூட்டுறவு முயற்சியைக் கவனிக்க 2005 ஜனவரியில் கிறிஸ்டினா ராவ் என்னும் அம்மையார் நியமிக்கப்பட்டார். பள்ளிகளும் நகரங்களும் சங்கங்களும் அதில் சேர்ந்தன.

அதைப் போலவே உலக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான 'எஜுகேஷன் இண்டர்நேஷனல்' அச்சேயிலும் இலங்கையிலும் இடிந்த பள்ளிகளைக் கட்டித் தந்தது. இது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தரும் செய்தி. தொழிற்சங்கம் என்றால் கூலி கேட்கவும் வேலைநிறுத்தம் செய்யவுந்தான் தெரியும் என்று ஏளனம் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்! எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் கட்டிய சந்தா, கடல் கடந்து போய்ச் சுவராகவும் கூரையாகவும் எழுந்தது. சங்கத்தின் கை அவ்வளவு நீளம்.

அவசர காலத்தில் முதல் நாட்களுக்கென்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெப் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. பெட்டிக்குள் ஓர் ஆசிரியருக்கும் 40 பிள்ளைகளுக்கும் வேண்டிய நோட்டு, பென்சில், கத்தரிக்கோல், மணி பார்க்கக் கற்பிக்கும் மரக் கடிகாரம், கரும்பலகைச் சாயம் எல்லாம் இருக்கும். அந்தச் சாயத்தைப் பெட்டியின் மூடியில் பூசினால் மூடியே கரும்பலகை ஆகிவிடும். மரத்தடியில் வைத்தாலும் அன்றே பாடம் தொடங்கலாம். எவ்வளவு பொருத்தமான யோசனை! இடிந்த ஊரில் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது பெரிய கட்டடம் அன்று. நேற்றுப் போல இன்றும் மணி அடித்தது, வாத்தியார் வந்தார், பெயர் கூப்பிட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். அது கிடைத்தால் பிள்ளை தேறும். பிள்ளை தேறினால் தாய் தேறுவாள்.

ஆனால் பெட்டி சில மாதத்துக்கு உதவும். பிறகு? பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விடும். தலைவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் புத்தகம் வாங்கவும், மூன்றாம் ஆண்டில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவும் யார் இருப்பார்? இங்கேதான் பள்ளிக்குப் பள்ளி என்னும் உறவின் அருமை தெரிகிறது. பள்ளிக்கூடம் ஓராண்டில் முடிகிற ஸ்தாபனம் அன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை போனால் முதல் வகுப்புப் பிள்ளை வரும். ஒரு பள்ளி மற்றொரு பள்ளியைத் தோழமை கொண்டால், அந்தத் தோழமையும் வகுப்புக்கு வகுப்பு ஏறி வரும்.

"நம் கூரையே ஒழுகுகிறதே!"

இதைக் கேட்டதும் நம் தோழர்களில் ஒரு சாரார் என்ன சொல்வார்கள் என்பதும் நமக்குத் தெரியும். "ஐயா, நம் பள்ளிக்கூடத்துக் கூரையே ஒழுகுகிறது. நம் பிள்ளைகளுக்கே பஸ் இல்லை. இதில் இலங்கைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கொடுக்கப் புறப்பட்டால் ஊர் சிரிக்காதா?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்வோம்.

நம் பள்ளிகளின் நிலை யாருக்கும் தெரியாததன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமார் வேண்டா வெறுப்பாகக் கொட்டகை போட்டார்கள். அந்தக் கொட்டகைகளிலிருந்துதான் நாம் எழுத்துக் கற்றோம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். பிள்ளையில்லாத பள்ளிகள் மூடின. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து 2007 முதல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட ஊர், அங்கிருந்து மேலே கெர்லிங், களும்பாங் வரை இந்தக் கதையை அறியாத குடும்பம் உண்டா? அரசாங்க நிலத்தில் இல்லாத பள்ளி என்ற காரணத்தால் முழு உதவி கிடைக்காமல் அரை உதவியில் காலம் தள்ளிய பள்ளிகளையும் நாம் அறிவோம்.

எனினும், கூரை ஒழுகுகிறவன் கொடுக்கக் கூடாது என்று எந்த நீதி சொல்கிறது? நம் சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டினார். யார் கொடுத்தார்கள்? பெரிய முதலாளிகள் மாத்திரமா? நாட்கூலிக்கு உழைத்தவர்கள் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். தம் பிள்ளை அந்தப் பல்கலைக் கழகத்தின் வாசலை மிதிக்கும் என்ற நிச்சயம் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது? இருந்தும் கொடுத்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, அப்போது பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே விலைக்கு வாங்கிக் காட்டியவர்கள் யார்? மாதச் சம்பளத்தில் மளிகைக் கடன் போக மிச்சம் பார்த்த தொழிலாளர்கள்!

மிச்சப்பட்ட பிறகு கொடுக்கலாம் என்றிருந்தால் அவர்கள் எந்தக் காலத்திலும் கொடுத்திருக்க மாட்டார்கள். மேலும், கொடுக்கிற கை தாழாது. நம் பள்ளிக்கு உதவி கேட்டு நாம் மனுக் கொடுக்கிறோம், அதிகாரிகள் வாசலில் நிற்கிறோம். அது நம் உரிமை. அதைத் தொடர்ந்து செய்வோம். ஆனால் எப்போதும் கேட்கிறவர்களாகவே வளரும் பிள்ளைக்கு முதுகு வளைந்துவிடும். "என் பள்ளிக்கூடமும் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குத் துணை நின்றது" என்று சொல்லி வளரும் பிள்ளைக்கு முதுகு நிமிரும். இந்த ஒரு காரியத்துக்காகவே இதைச் செய்யலாம்.

இன்று அங்கே, நாளை எங்கே?

வேறொரு காரணமும் உண்டு. நாம் ஒன்றும் மேட்டில் பத்திரமாக உட்கார்ந்திருக்கவில்லை.

கோலசிலாங்கூர்க் கரையோரம் தாழ்நிலம். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நிற்பது மண் அணை. பெரிய வற்றுப் பெருக்கு வரும் நாளில் மேற்கே கடலும் கிழக்கே ஆறும் சேர்ந்து நெருக்கினால் நடுவில் இருப்பவன் கதி என்ன என்று கரையோரத் தோட்டத்து மக்களைக் கேளுங்கள். வடக்கே உலு சிலாங்கூரில் மலை. 2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரங்களில் தூங்கியவர்களில் 31 பேர் மாண்டார்கள். அவர்களில் கோலாலம்பூரிலுள்ள ஒரு சீனத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இருந்தார்கள். பள்ளி விடுமுறையில் உல்லாசமாகப் போனவர்கள் திரும்பவில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் துயரம் நம் துயரமன்றோ? சீனப் பள்ளி, மலாய்ப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று மண் பார்த்துச் சரியவில்லை. நாமும் அப்படிப் பார்த்து இரங்க வேண்டியதில்லை.

ஆகவே உதவி என்பது ஒரு வழிப் பாதை அன்று. இன்று நாம் தோழமை கொள்ளும் பள்ளி, நாளை நமக்குத் துணையாக வரும். பணமாக வராவிட்டாலும் அனுபவமாக வரும். ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச் 11ஆம் நாள் அங்கே கடல் பொங்கியபோது காமாயிஷி என்னும் ஊரில் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அதிர்ச்சி வந்ததும் யாருக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே பழக்கம் கொடுத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அதே நாளில் ஓக்காவா என்னும் பள்ளியில், எங்கே போவது என்று முடிவு செய்யாமல் மைதானத்தில் காத்திருந்ததால் 74 பிள்ளைகளும் ஆசிரியர் 10 பேரும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பள்ளிகளுக்கும் வந்தது ஒரே கடல். ஓரிடத்தில் பழக்கம் இருந்தது; மற்றோரிடத்தில் இல்லை.

நம் தோட்டப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் எத்தனை இடத்தில் உண்டு? ஆறு கரை புரண்டால் பிள்ளைகள் எந்தப் பாதையில் போக வேண்டும்? பள்ளிப் பதிவேடுகளும் பிறப்புப் பத்திர நகல்களும் எந்த அலமாரியில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கின்றன? இதைப் போய்ப் பார்க்க ஒரு காசும் செலவில்லை.

கடமையைத் தட்டிக்கழிக்க இடங்கொடோம்

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நாம் உதவி செய்கிறோம் என்பதற்காக, செய்ய வேண்டியவர்கள் கைகட்டிக்கொண்டு நிற்க முடியாது. பள்ளி கட்டுவது அரசாங்கத்தின் கடமை. குடியிருப்பைப் பத்திரமான இடத்தில் வைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. மீரியபெத்த மக்களுக்கு இரு முறை எச்சரிக்கை வந்தும் வீடு வரவில்லை. வந்திருந்தால் உதவி நிதிக்கே வேலை இருந்திராது. ஆகவே அனுதாபம் ஒரு கையில் இருக்கட்டும். கோரிக்கை மறு கையில் இருக்கட்டும். தர்மம் பேசி உரிமையை மறக்கச் செய்யும் தந்திரத்துக்குத் தொழிலாளி பலியாகக் கூடாது.

இலங்கையில் கடற்கோளுக்குப் பிறகு நடந்ததையும் நினைவில் வைப்போம். வடக்கு கிழக்கிலும் உதவியைச் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மேலே இருப்பவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தபோது கீழே பிள்ளைகள் காத்திருந்தார்கள். பள்ளி நேராகப் பள்ளியோடு உறவு கொண்டால் இந்தத் தடைகளில் சிலவற்றையாவது தாண்டலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பேசிக் கலைவது நம் வழக்கமாகிவிடக் கூடாது. ஆகவே கிளைச் சங்கங்களின் யோசனைக்குக் கீழ்க்கண்டவற்றை வைக்கிறோம்.

1. ஒரு கிளை, அல்லது அடுத்தடுத்த இரண்டு மூன்று கிளைகள் சேர்ந்து, தங்கள் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கலந்து, மலையகத்தில் பாதிக்கப்பட்ட ஒரே ஒரு பள்ளியைத் தோழமைப் பள்ளியாக ஏற்க வேண்டும். பத்துப் பள்ளிக்குப் பத்துப் பென்சில் அனுப்புவதைவிட ஒரு பள்ளியை உருப்படியாகத் தாங்குவது மேல். கல்வி இலாகாவின் அனுமதி வேண்டுமிடத்தில் முறைப்படி பெற வேண்டும்.

2. முதலில் கடிதம், பிறகு காசு. "உங்களுக்கு என்ன தேவை?" என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். அவர் மேஜை என்றால் மேஜை. புத்தகம் என்றால் புத்தகம். பரீட்சைக் கட்டணம் என்றால் கட்டணம். பழந்துணி மூட்டை ஒன்றுகூட நம் பகுதியிலிருந்து போகக் கூடாது.

3. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு என்று உறுதி கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் 1,000 வெள்ளி கொடுத்து மறப்பதைவிட, ஆண்டுதோறும் 300 வெள்ளி கொடுத்து நினைப்பது நல்லது.

4. கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் இரசீது. பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. போன தொகை, வந்த இரசீது இரண்டையும் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த வேலையைக் கிராணிமார் ஏற்றுக்கொள்ள வேண்டும். செக்ரோல் எழுதத் தெரிந்த கை, ஏழைப் பிள்ளையின் காசுக்கும் கணக்கு எழுதட்டும். கணக்கில்லாத தர்மம் கலகத்தில் முடியும் என்பது நாம் அறியாததன்று.

5. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். தமிழில் எழுத வேண்டும்! கோலசிலாங்கூர்ப் பிள்ளை பால்மரத்தைப் பற்றியும், மின்மினி மின்னும் ஆற்றைப் பற்றியும் எழுதட்டும். பதுளைப் பிள்ளை தேயிலைக் கொழுந்தைப் பற்றி எழுதட்டும். இரண்டு நாட்டுத் தோட்டப் பிள்ளைகளும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளும் இந்த வாய்ப்பு, எந்த நன்கொடையையும்விடப் பெரியது. தமிழ் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடிதங்களே விடை.

6. அதே கூட்டத்தில் நம் பள்ளியின் பாதுகாப்பையும் பேச வேண்டும். பதிவேடுகளை உயரத்தில் வைத்தல், ஓடும் பாதையைக் குறித்தல், ஆண்டுக்கு இரு முறை பழக்கம் கொடுத்தல், கால்வாய் தூர்ந்திருந்தால் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து அதன் நகலைச் சங்கத்தில் வைத்தல் ஆகியவை உடனே செய்யக் கூடியவை.

இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மேற்பட்டதன்று. நூறு குடும்பம் மாதத்துக்கு ஒரு வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 1,200 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு இன்று ஒரு தேநீர்கூட முழுதாக வராது. அந்தக் காசு மலையகத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் நோட்டும் பேனாவுமாக மாறும்.

தோழர்களே, தாய்மார்களே, கிராணி நண்பர்களே! பால்மரம் வெட்டுகிறவனுக்கு ஒரு சேதி தெரியும். ஒரு மரத்துப் பாலைக் கொண்டு எதுவும் ஆகாது. ஒரு மங்கில் சொட்டுவது கொஞ்சந்தான். நிரை நிரையாக ஓடி, மங்கு மங்காக ஊற்றி, வாளி வாளியாகச் சேர்த்தால்தான் ஸ்டோரில் எடை ஏறுகிறது. அப்படிச் சேர்த்துப் பழகிய கைகள் நம்முடையவை.

மழைக்காலம் ஆண்டுதோறும் வரும். மலைகளும் ஆறுகளும் எங்கும் போய்விடா. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயம் இடம்பெறட்டும். தீர்மானம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். முதல் கடிதத்தை இந்த மாதமே எழுதுங்கள். இடிந்த பள்ளியின் மணி மறுபடி அடிக்கும்போது, அந்த ஓசையில் சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளியின் ஒரு வெள்ளியும் ஒலிக்கட்டும்!